கஜாக் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர்

வணக்கம் நேயர்களே. மது குடிக்காமல் இருப்பதுதான் நல்லது. அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் மதுவோடு கூடவே வேறு எதைக் குடிக்கலாம் என்று குடிக்கிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்கு வருகிறேன்.

நம் மொரீஷியஸில் டிசம்பர் என்றால் நல்ல வெயில். மாமரத்தடியில் ரம் வரும், கூடவே கஜாக் தட்டு, அதாவது குடிக்கும்போது கொறிக்கிற தீனி வரும். கஜாக் நல்லதுதான். வயிற்றில் ஏதாவது இருந்தால் மது சிறுகுடலுக்கு மெதுவாகவே இறங்கும். ஆனால் உப்பும் மிளகாயும் தாகத்தைக் கிளப்பும். தாகத்துக்கு எதை எடுக்கிறோம்? அடுத்த பீரை! சிறுநீரை மட்டுப்படுத்தும் ஹார்மோன் சுரப்பதை மது குறைத்துவிடுகிறது. வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் வெளியே போகும். அதனால் ஒரு கிளாஸ் அது, ஒரு கிளாஸ் தண்ணீர். இளநீர், மோர், எலுமிச்சைச் சாறும் ஆகும்.

காப்பி? இதைச் சொல்லாமல் விடமாட்டேன். ரோஸ் ஹில்லில் மாமா வீடு, ஆண்டுக் கடைசி இரவு. மச்சான் தள்ளாடினார். அத்தை சர்க்கரையில்லாமல் கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மச்சான் கண் பளிச்சென்று ஆகி, "தெளிஞ்சிட்டேன், கார் சாவியைக் கொடுங்க மாமா" என்றார். மாமா சாவியை எங்கோ ஒளித்துவிட்டார். விடிய விடிய மச்சான் அலமாரி அலமாரியாகத் தேடினார். தூங்கவும் இல்லை, தெளியவும் இல்லை. காலையில் மாமாவுக்கே வைத்த இடம் மறந்துபோச்சு. மத்தியானம் அத்தை அரிசி அளந்தபோது படியில் விழுந்தது சாவி!

காப்பி தூக்கத்தைத்தான் கலைக்கும், போதையை அல்ல. எனர்ஜி டிரிங்க் கலந்து குடிக்கிற தம்பிகளுக்கும் இதேதான். 330 மில்லி பீர் ஒன்றைக் கரைக்கவே ஈரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தண்ணீரும் அதை விரட்டாது. கையில் வேறு கிளாஸ் இருந்தால் மதுக் கிளாஸ் மெதுவாகக் காலியாகும், அவ்வளவுதான். அதனால் மறுபடியும்: ஒரு கிளாஸ் அது, ஒரு கிளாஸ் தண்ணீர்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். மறுநாள் தலைவலி மாத்திரை பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: நிறையக் குடித்த பிறகு பாரசிட்டமால் ஈரலுக்குச் சுமை, ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கும். மருந்துக்கடைக்காரரிடம் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். வணக்கம்.