தராசுக்குப் போட்ட கை

வணக்கம் நேயர்களே. கேட்காமலே கிடைக்கிற ஓட்டைக் கட்சிகள் எப்படி நடத்துகின்றன என்று பேசச் சொன்னார்கள். மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனிடம் இதைக் கேட்டால் அவனுக்கு முதலில் ஒரு தராசுதான் ஞாபகம் வரும். பாரிசான் நேஷனல், அதாவது தேசிய முன்னணியின் சின்னம் அது. அதற்கு முந்தைய கூட்டணிக் காலத்தில் கப்பல். எங்கள் தாத்தா கப்பலுக்குப் போட்டார், அப்பா தராசுக்குப் போட்டார். வேட்பாளர் பெயர் என்ன என்று கேட்டால் அப்பா சில சமயம் யோசிப்பார். சின்னத்தில் மட்டும் தடுமாறியதே இல்லை.

தேர்தல் வந்தால் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் மைதானத்தில், பந்தல் போடுவார்கள். ஒரு முறை வந்த வேட்பாளர், கோயிலுக்குத் தகரக் கூரை, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை என்று சொல்லிவிட்டுப் போனார். தகரம் வந்தது, வகுப்பறை வரவில்லை. அடுத்த தேர்தலில் அதே இரண்டு வகுப்பறையை மறுபடி அறிவித்தார். ஜனங்கள் கை தட்டினார்கள், பையனாக நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "வேற எவன் வர்றான் நம்ம லயத்துக்கு?" என்றார். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்.

இதை வைத்து அந்தத் தலைமுறையை ஏமாளிகள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுதந்திரம் கிடைத்த கையோடு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தன. வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அப்போது கூட்டணியின் இந்தியர் கட்சியான ம.இ.கா., அதாவது மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். அந்தத் தராசுக்கும் கப்பலுக்கும் விழுந்த ஓட்டில் பாதி அந்தப் பத்து வெள்ளிக்கான நன்றி என்றுதான் நான் நினைக்கிறேன். மீதிப் பாதி பயம். தேர்தலை ஒட்டி வெடித்த 1969 மே 13 இனக் கலவரத்தைப் பார்த்தவர்கள் ஆட்சி மாற்றம் என்ற வார்த்தையைக் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

சரி, நன்றியும் பயமும் இருக்கட்டும். கட்சிக்கு ஏன் அக்கறை குறைந்தது? அதற்குக் கணக்கு இருக்கிறது. மலேசியாவில் இந்தியர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பேர். இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே ம.இ.கா. வேட்பாளர் ஜெயிக்க வேண்டுமானால் முன்னணியின் பெரிய மலாய்க் கட்சியான அம்னோ தொகுதி கொடுக்க வேண்டும், அம்னோவின் ஆட்கள் வீடு வீடாகப் போய் மலாய்க்காரர் ஓட்டையும் வாங்கித் தர வேண்டும். எங்கள் ஓட்டு எப்படியும் வரும், அம்னோவின் தயவுதான் வராமல் போகலாம். வேட்பாளர் யாருக்குப் பயப்படுவார்? 2010இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலில் ம.இ.கா. தன் துணைத் தலைவர் பழனிவேலை நிறுத்த விரும்பியது. அம்னோவுக்குப் பிடிக்கவில்லை, கமலநாதன் நின்றார். சொந்த வேட்பாளரைக்கூடச் சொந்தமாக முடிவுசெய்ய முடியாத கட்சி எங்களுக்காக எதை அடம்பிடித்து வாங்கியிருக்கும்?

இதற்கிடையில் ரப்பர் தோட்டங்கள் செம்பனை எண்ணெய்த் தோட்டங்களாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறின. ஆட்கள் பட்டணத்து ஓரங்களில் ஒதுங்கினார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்களான மனிதர்களை எனக்குத் தெரியும். பால் மரத்தடியில் நூறு வருஷமாக இருந்த அம்மன் கோயில், நிலம் கை மாறிய அன்றைக்கே 'சட்டவிரோதக் கட்டடம்' ஆனது. அப்புறம் மைக்கா ஹோல்டிங்ஸ். 1980களில் ம.இ.கா. தூண்டுதலில் ஜனங்கள் சேமிப்பைக் கொட்டிய நிறுவனம். ஒரு வெள்ளிக்கு வாங்கிய பங்கை 2010இல் எண்பது காசுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து, இருபது காசு நட்டம். அதைப் பற்றி இன்னும் பேசினால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

2004 தேர்தலில் ம.இ.கா. நின்ற ஒன்பது தொகுதிகளிலும் ஜெயித்தது. எல்லாம் நல்லபடியாக இருப்பதாக அவர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. 2007 அக்டோபர் கடைசியில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25இல் இண்ட்ராப் என்ற இந்து உரிமை இயக்கத்தின் அழைப்பில் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூருக்குக் கிளம்பினார்கள். காந்தி படத்தைப் பிடித்துக்கொண்டு, பிரிட்டிஷ் தூதரகத்தில் மனுக் கொடுக்க! உள்ளூர் ஒய்.பி.யிடம், அதாவது மக்கள் பிரதிநிதியிடம், கொடுத்துப் பயனில்லை என்று எலிசபெத் ராணிக்கு மனு எழுதிய கூட்டம் அது. கண்ணீர்ப் புகையும் ரசாயனத் தண்ணீரும் பதிலாகக் கிடைத்தன. டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐந்து பேர் விசாரணையில்லாமல் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். ஜனவரியில் பிரதமர் படாவி கோலாலம்பூரில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை அறிவித்தார். ஐம்பது வருஷமாகக் கிடைக்காத விடுமுறை, இரண்டே மாதத்தில் கிடைத்தது.

விடுமுறையை வாங்கிக்கொண்டோம், ஓட்டைக் கொடுக்கவில்லை. 2008 மார்ச் 8 இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. 1974லிருந்து சுங்கை சிப்புட் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலு, எதிரணியின் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். ம.இ.கா.வுக்கு ஒன்பதில் மூன்று. தடுப்பு முகாமுக்குள் இருந்தபடியே அந்த ஐவரில் ஒருவரான மனோகரன் கோத்தா ஆலம் ஷாவில் ஜெயித்தார். எதிர்க்கட்சிகளின் ராக்கெட்டுக்கும் கண்ணுக்கும், இஸ்லாமியக் கட்சியான பாஸின் நிலாவுக்கும்கூட எங்கள் ஆட்கள் போட்டிருந்தார்கள். அப்பா எதற்குப் போட்டார் என்று சொல்லவே இல்லை. தலைவர் படம் போட்ட காலண்டர் ஒன்று பல வருஷமாகச் சுவரில் தொங்கியது. மறுநாள் பார்த்தால் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! பினாங்கில் முதல் முறையாக ஒரு தமிழர் துணை முதலமைச்சர் ஆனார். பிரதமர் நஜிப் மேடைக்கு மேடை 'நம்பிக்கை' என்று தமிழிலேயே கேட்டார், 2013இல் ஓட்டில் ஒரு பகுதி திரும்பியும் போனது. இரண்டு பக்கமும் ஏலம் கேட்ட அந்தப் பத்து வருஷம் எங்களுக்குக் கொஞ்சம் வசந்தம்தான். 2018இல் தேசிய முன்னணியை வீழ்த்தி வந்த பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியின் அமைச்சரவையில் நான்கு இந்திய அமைச்சர்கள் இருந்தார்கள்.

2022இல் பாஸ் தனிக்கட்சியாக அதிக இடங்களைப் பிடித்ததும், அதன் கொடி நிறத்தில் 'பச்சை அலை' என்ற புதுப் பயம் வந்தது. இந்திய ஓட்டு மறுபடி ஒரே பக்கம் குவிந்தது, இந்த முறை பக்காத்தானிடம். அந்தத் தேர்தலுக்குப் பிறகு பிரதமரான அன்வார் இப்ராகிமின் முதல் அமைச்சரவையில் தமிழர் என்று சிவகுமார் ஒருவர் இருந்தார். 2023 டிசம்பர் மாற்றத்தில் அவரும் போனார். வந்த கோபிந்த் சிங் பஞ்சாபியர், திறமைசாலி, அவர் மேல் குறை இல்லை. ஆனால் தமிழ் பேசும் அமைச்சர் ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை என்றபோது, "வேறு எங்கே போகப் போகிறீர்கள்?" என்று பக்காத்தான் நண்பர் ஒருவர் என்னிடமே சிரித்துக்கொண்டு கேட்டார். அப்பா சொன்ன அதே வாக்கியம்தான். அப்பா அதை அலுப்பில் சொன்னார், இவர் தெம்பாகச் சொல்கிறார்.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை, பள்ளிக்கூடம் வீடமைப்புப் பகுதிக்கு இடம் மாறிவிட்டது. போன தேர்தலில் வந்த வேட்பாளர் புதுக் கட்சி, புதுச் சின்னம், நல்ல பையன். தமிழ்ப்பள்ளிக்கு இணைக் கட்டடம் கட்டுவோம் என்று துண்டுத்தாளில் இருந்தது. எத்தனை வகுப்பறை, எந்த வருஷம் என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். நான் காத்திருந்தேன்.