ஆய்வாளர் யாருடைய வண்டியில் வருகிறார்?

அவையோர்க்கு வணக்கம்.

பணியிடங்களில் தொழிலாளர் சட்டங்கள் பின்பற்றப்படுகின்றனவா என்று நேரில் சென்று பார்க்கும் தொழிலாளர் ஆய்வுத் துறையை வலுப்படுத்துவது பற்றிப் பேசத் தொடங்கினால், ஆய்வாளர்கள் எத்தனை பேர் என்ற கணக்கில் போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. 1833-இல் தொழிற்சாலைச் சட்டம் இயற்றிய பிரிட்டன் நியமித்தது நான்கே ஆய்வாளர்களை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் முன்வைத்த அளவுகோலோ, தொழில் வளர்ந்த நாடுகளில் 10,000 தொழிலாளர்களுக்கு ஒருவர், மிகவும் பின்தங்கிய நாடுகளில் 40,000 பேருக்கு ஒருவர் என்கிறது. ஏழை நாட்டுத் தொழிலாளிக்கு ஆபத்து குறைவு என்பதால் வந்த வேறுபாடல்ல இது. அங்கே கருவூலம் சிறிது, அவ்வளவுதான்.

ஆனால் எண்ணிக்கையைவிட என்னை உறுத்துவது வேறொன்று. தொழிலாளர் ஆய்வு பற்றி அதே பன்னாட்டு அமைப்பு 1947-இல் ஏற்ற 81-ஆம் உடன்படிக்கை, ஆய்வாளர் முன்னறிவிப்பின்றிப் பணியிடத்துக்குள் நுழையலாம் என்று 12-ஆம் பிரிவில் அதிகாரம் தருகிறது. அதற்கு முந்தைய பிரிவு, அலுவலகம், போக்குவரத்து வசதி, பயணச் செலவு ஆகியவற்றைப் பற்றியது; பார்வைக்குச் சில்லறை விஷயம். நிதி குறையும்போது சம்பளத்தில் கைவைக்க முடியாததால், முதலில் வெட்டப்படுவது இந்தச் சில்லறைதான். பயணப்படி, பயிற்சி, இரைச்சலையும் தூசியையும் அளக்கும் கருவிகள் எல்லாம் அதில் போய்விடும். அதன்பின் தொலைவிலுள்ள ஆலைக்குச் செல்ல, அந்த ஆலையின் வண்டியையே ஆய்வாளர் எதிர்பார்க்க நேர்கிறது. வண்டி கேட்ட நொடியிலேயே முன்னறிவிப்பு கொடுத்தாகிவிட்டது.

வசூலாகும் அபராதத்தைத் துறையே வைத்துக்கொள்ளட்டும் என்ற யோசனை கவர்ச்சியானது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அபராதம் வருமானமாகிவிட்டால், எளிதில் பணம் கட்டக்கூடிய சிறு பிழைகளைத் தேடித்தான் ஆய்வு நடக்கும். தடுக்கப்பட்ட விபத்துக்கு ரசீது கிடையாதே! ஜெர்மனியில், அரசு ஆய்வாளர்கள் ஒருபுறமிருக்க, முதலாளிகளின் சந்தாவில் இயங்கும் விபத்துக் காப்பீட்டு அமைப்புகளும் சொந்த ஆய்வாளர்களை வைத்திருக்கின்றன. இழப்பீடு கொடுக்க வேண்டிய அமைப்பே தடுப்புக்கும் செலவிடுவதால், விபத்து குறைந்தால் அதற்கே மிச்சம். எனினும் காப்பீட்டு வலைக்குள் வராத முறைசாராத் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் இந்த வழி தொலைவு செல்லாது. அங்கே பொது வரவுசெலவுத் திட்டத்தைத் தவிர வேறு புகலிடமில்லை.

ஆகவே நான் கேட்பது சிறியது: ஆய்வுப் பயணத்துக்கென்று தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும், ஆண்டின் நடுவில் வேறு செலவுக்கு அதைத் திருப்பிவிட எவருக்கும் அனுமதி இருக்கக் கூடாது.