பணம் புறப்படுற நாள்

நேயர்களுக்கு வணக்கம். சத்துணவு அமைப்பாளரா இருந்து ஓய்வு பெற்றவ நான். பிள்ளைக்கு 100 கிராம் அரிசின்னு அளந்து அளந்து பழகின கை, வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்க மாட்டேங்குது. அதனாலதான் குறைஞ்ச வருமானத்துல குடும்பத்தோட ஊருக்குப் போய் வர்றதைப் பத்திப் பேசக் கூப்பிட்டாங்க போல.

வர்ற செப்டம்பர் 27 நாங்க திருநெல்வேலியில இருந்து ஊட்டிக்குப் போறோம். நான், எங்க வீட்டுக்காரர், மகன், மருமக, 11 வயசுப் பேரன், 4 வயசுப் பேத்தி. ஆறு பேர்.

முன்ன ஒரு தடவை தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். தெருவுல ஒரு சீட்டு போட்டு, கிளம்புற வாரத்துல பணம் கைக்கு வர்ற மாதிரி கணக்குப் பண்ணியிருந்தேன். பணம் சொன்ன நாள்ல வந்துடுச்சு. ரயில்லதான் இடம் இல்ல. தட்கலும் கிடைக்கல. தனியார் பஸ்ஸுல போனதுல, சேத்ததுல பாதி போற வழியிலயே கரைஞ்சிட்டு. நல்லவேளை, பெரிய கோயிலுக்கு டிக்கெட் கிடையாது. கங்கைகொண்ட சோழபுரம் பாக்கணும்னு ஆசைப்பட்டவங்க, தஞ்சாவூரோட திரும்பிட்டோம்.

அப்புறம் உக்காந்து யோசிச்சுப் பாத்தா, சேத்த தொகையில தப்பு இல்ல, தேதியிலதான் தப்பு. நாம கிளம்புற நாள் வேற, பணம் கிளம்புற நாள் வேற. ரயில் முன்பதிவு முன்ன 120 நாளைக்கு முன்னாலயே திறந்துடும். 2024 நவம்பர்ல இருந்து அதை 60 நாளா ஆக்கிட்டாங்க. செப்டம்பர் 27ஆம் தேதி டிக்கெட் ஜூலை 29 காலை 8 மணிக்குத் திறக்கும். 30ஆம் தேதி திரும்பி வர்ற டிக்கெட்டுக்கு ஆகஸ்ட் 1. ரெண்டு காலை, ரெண்டு வரிசை. அதனால ஜூலைக்குள்ள டிக்கெட் பணத்தை மட்டும் சேத்தோம். தங்க, திங்க, சுத்திப் பாக்க ஆகுற பணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்லா!

எங்கேருந்து சேத்தோம்? மருமக ஜங்ஷன் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில வேலை பாக்குறா. 2021ல இருந்து சாதாரண டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. அந்தக் காசு மிச்சம்தானேன்னு கேட்டா, “எங்க அத்தை மிச்சம், பூவுக்கும் டீக்கும் போயிருது”ன்னா. கையில நிக்காத மிச்சம் மிச்சமே இல்ல. ஜனவரியில ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை அடுப்படி அலமாரியில வெச்சேன். வேலைக்குப் போற நாள்ல எல்லாம் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் 20 ரூபாய் போடணும். மாசம் 24 நாள்னா 480 ரூபாய், ஏழு மாசத்துல 3,360. மகன் பங்குக்கு ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறியை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆக்கினோம். கறி இல்லாத வாரத்துல நெத்திலிக் கருவாடு. அதுக்கு எங்க வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டதை நான் சட்டை பண்ணல.

போஸ்ட் ஆபீஸ்ல மாசாமாசம் கட்டுற ஆர்.டி. போடலாமான்னு கேப்பீங்க. அது அஞ்சு வருஷக் கணக்கு. கல்யாணம் காட்சிக்கு ஆகும், ஊட்டிக்கு ஆகாது. ஒரு வருஷத்துக்குப் போடணும்னா பேங்க் ஆர்.டி. போதும்.

டிக்கெட் எடுக்குற அன்னிக்கு எங்க வீட்டுக்காரர், “எனக்கு வயசுக்குத் தள்ளுபடி உண்டுல்லா”ன்னாரு. மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்லயே நிறுத்தியாச்சு. பேத்திக்கு அஞ்சு வயசு ஆகல, டிக்கெட் வேண்டாம். பேரனுக்கு அரை டிக்கெட் எடுக்கலாம், ஆனா படுக்கை கிடைக்காது. ராத்திரி வண்டி, வளர்ற பயல், காலை நீட்டாம எப்படித் தூங்குவான்? முழு டிக்கெட்டே எடுத்தோம். எல்லாத்துலயும் கையைச் சுருக்கக் கூடாதுங்க.

நாகர்கோவில்ல இருந்து வர்ற ராத்திரி வண்டியில கோயம்புத்தூர், அங்கேருந்து பாசஞ்சர்ல மேட்டுப்பாளையம், அப்புறம் அரசு பஸ். வேன் பிடிச்சா வாடகையோட, வண்டி நீலகிரிக்குள்ள நுழைய இ-பாஸும் எடுக்கணும். அரசு பஸ்ஸுல போறவங்களுக்கு அது தேவையில்ல. மலை ரயில்ல மேட்டுப்பாளையத்துல இருந்தே ஏற இடம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. ஊட்டியில இருந்து குன்னூர் வரைக்கும் போனா அதே குட்டி ரயில்தான், பிள்ளைகளுக்கு அது போதும். நீலகிரியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துட்டா அந்தச் செலவும் இல்ல.

சாப்பாடுதான் எனக்குப் பிடிச்ச இடம். முதல் நாள் ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் புளியோதரை. ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ அரிசி. சோறு உதிரி உதிரியா வேகணும். வெந்ததும் பானையிலயே விடாம, அகலத் தாம்பாளத்துல கொட்டி, நல்லெண்ணெயைச் சுத்தி விட்டு, விசிறியால ஆத்தணும். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல மிதக்குற வரைக்கும் கொதிக்கணும். அதுல தண்ணிப் பசை இருந்தா காலையில நூல் விட்டுரும். சோறு நல்லா ஆறின பிறகுதான் கிளறணும். சூட்டோட மூடுனா வேர்த்து ஊசிப்போகும். அப்புறம் வாழை இலையை அனல்ல வாட்டி, ஆளுக்கொரு பொட்டலம். தொட்டுக்க பருப்புத் துவையல் வேண்டாம், தேங்காய் சேந்தா தாங்காது. வத்தல் பொரிச்சு டப்பாவுல போட்டுக்கிடலாம்.

இப்ப பாட்டில்ல ரெண்டாவது சுற்றுப் பணம் ஏறிட்டிருக்கு. தங்குற ரூம், பஸ், மலை ரயில்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். அதுல தீராத ஒரு வரி இருக்கு. கோயம்புத்தூர்ல எங்க நாத்தனார் வீட்டுக்கு ஒரு எட்டு போகணும். திருநெல்வேலியில இருந்து போறவங்க வெறுங்கையோட நுழைய முடியுமா? அல்வான்னு நான் அரைக் கிலோ எழுதினேன். எங்க வீட்டுக்காரர் அதை அடிச்சிட்டு ஒரு கிலோன்னு எழுதியிருக்காரு. நான் திருப்பி அடிச்சிருக்கேன். இன்னிக்கு நான் இங்க இருக்குற நேரத்துல அந்த நோட்டு அவர் கையிலதான் இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பாக்கணும். வணக்கம்.