நடந்து போகும் தீற்றல்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓவிய ஆசிரியப் பெருமக்களே, என்னை அறிமுகம் செய்யும்போது எனக்கே தெரியாத பெருமைகளையும் சேர்த்துச் சொன்ன செயலாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போக வசதியாகக் கதவோரம் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்குத் தனி வணக்கம்.

திரையில் இருப்பது பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் பெருவீதி. ஓவியர் கமீய் பிசாரோ 1897-இல் தீட்டிய இரவுக் காட்சி. இதில் மூன்றைப் பற்றிப் பேசப்போகிறேன்: வெளிச்சம், மழை, கூட்டம்.

தெருவின் நடுவே வெண்மையாக வரிசை கட்டி நிற்பவை மின்விளக்குகள். கடைகளிலிருந்து வழியும் மஞ்சள், எரிவாயு விளக்கின் மஞ்சள். சரி, மழையை அப்புறம் பார்ப்போம். கூட்டத்துக்கு வருகிறேன்.

இதில் ஒரு முகத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்! கிடையாது. கால் கூடக் கிடையாது. வெறும் தீற்றல்கள். இதற்காகப் பிசாரோவும் அவருடைய கூட்டாளி ஓவியர்களும் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. 1874-இல் அவர்களுடைய முதல் கண்காட்சி. அவர்களில் ஒருவரான மோனே தீட்டிய ஒரு பெருவீதிப் படமும் அங்கே இருந்தது. லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் பொல்லாத மனிதர். ஒரு கிழ ஓவியரைக் கற்பனையாகப் படைத்து, அவரோடு கண்காட்சியைச் சுற்றி வந்ததாகக் கதை எழுதினார். கிழவர் மோனே படத்தின் முன் நிற்கிறார். கண்ணைச் சுருக்குகிறார். கீழே யாரோ நாக்கால் நக்கிவிட்ட மாதிரி கறுப்பாக இருக்கிறதே, என்ன அது என்கிறார். மனிதர்கள் நடந்து போகிறார்கள் ஐயா என்கிறார் லெருவா. அவ்வளவுதான், கிழவருக்கு வந்ததே கோபம்! அப்படியானால் அந்தத் தெருவில் நான் நடக்கும்போது இப்படித்தான் இருக்கிறேனா என்று குதிக்கிறார்.

நான் கேட்கிறேன், வேறு எப்படி இருப்போம்? மாடியிலிருந்து அந்தி நேரத்தில் பார்த்தால் நீங்களும் தீற்றல், நானும் தீற்றல். தலைவர் அவர்கள் மட்டும் சற்றே அகலமான தீற்றல். மன்னிக்க வேண்டும்.

'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்பார்கள். பிசாரோவுக்குக் கண்ணில் தீராத தொல்லை. காற்றிலும் தூசியிலும் நின்று வரைய முடியவில்லை. 66 வயதில் விடுதி அறை ஒன்றை எடுத்து, சன்னல் வழியே இதே வீதியைப் பதினான்கு முறை தீட்டினார். அதில் இரவுப் படம் இது ஒன்றுதான். தெரு போனால் என்ன, சன்னலையே சுவராக்கிக்கொண்டார் மனிதர்.

நம் பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் எது? வாரத்துக்கு ஒரே ஒரு ஓவிய வகுப்பு. நான் படித்த பள்ளியில் அதையும் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். என் ஓவிய நோட்டில் பாதிப் பக்கங்கள் பின்னக் கணக்கு. பரீட்சை நெருங்கினால் இன்றும் முதலில் இடிபடுவது அந்தச் சுவர்தான். சுவர் இருந்தால்தானே ஐயா சித்திரம்?

வாசலில் ஒரு மனு வைத்திருக்கிறேன். ஓவிய வகுப்பை வேறு எந்தப் பாடத்துக்கும் எடுக்கக் கூடாது என்று கேட்கும் மனு. கையெழுத்திட்டுப் போங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, மறக்காமல் வைத்துவிடுங்கள். மழையைப் பற்றிச் சொல்ல இருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நன்றி, வணக்கம்.