கருப்பு பீரும் காபி டிரம்மும்

வணக்கம் நேயர்களே. ஏற்காட்டுல காபிக்கொட்டை வறுக்கிற ஆளக் கூப்பிட்டு கருப்பு பீர் ருசியப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. ரேடியோவுல பேச வேற விஷயமே கெடைக்கலையான்னு காலையில வீட்டம்மா கேட்டாங்க. யாரையும் குடிங்கன்னு சொல்ல வரலைங்க, நாக்கு சமாச்சாரம் மட்டுந்தான்.

மொதல்ல ஒண்ணு. கருப்பா இருந்தா போதை ஜாஸ்தின்னு நெனைக்கிறோம்ல, அதெல்லாம் இல்ல. கின்னஸ் டிராஃப்ட்னு பேர் போன அயர்லாந்து கருப்பு பீர்ல ஆல்கஹால் 4.2 சதவீதந்தான், நம்மூர்ல ஸ்ட்ராங்னு விக்கிற மஞ்ச பீரே 8 கிட்ட போகும். கருப்பு வர்றது வறுவல்ல இருந்துங்க, இத திரும்பத் திரும்ப சொல்லுவேன், கோச்சுக்காதீங்க. புள்ளைங்களுக்குக் கேழ்வரகு முளைகட்டி காயவச்சு மாவு அரைக்கிறோமே, பார்லியையும் அதே மாதிரி முளைகட்டிக் காயவச்சா அதான் பீர் காய்ச்சுற மால்ட். லேசா சூடு காட்டினா பிஸ்கட் வாசம், இன்னும் ஏத்தினா சாக்லேட், அதுக்கும் மேல போனா காபி, அப்புறம் கரி.

லண்டன்ல மச்சான் வீட்டுக்குப் போனப்ப ஒரு நாள் பப்புக்கு கூட்டிட்டுப் போனாருங்க. ஸ்டௌட்னு ஒரு கருப்பு பீர் வந்துச்சு, மேல நுரை நம்ம டிகிரி காபி மாதிரி நிக்குது, ஒரு வாய் குடிச்சதும் "மச்சான், இதுல சிக்கரி கலந்திருக்கானுங்க"ன்னு சத்தமா சொல்லிட்டேன். அவருக்கு ஒரே வெக்கம். கவுன்ட்டர்ல இருந்த பையன் என்னன்னு கேட்டு சிரிச்சுட்டு, ஒரு ஜாடியில இருந்து கருப்பா நாலு மணி எடுத்துக் கையில போட்டான். முளைகட்டாம அப்படியே வறுத்த பார்லி. கடிச்சா, போன் பேசிக்கிட்டே வறுக்கும்போது காபிக்கொட்டை ரெண்டாவது தடவ வெடிக்கிற சத்தத்த கோட்டவிட்டு நான் கருக்கின கொட்டை இருக்கு பாருங்க, அச்சு அசல் அதே வாசம்!

அப்புறந்தான் தேடிப் படிச்சேன். 1817-ல இங்கிலாந்துல டேனியல் வீலர்னு ஒருத்தர் மால்ட்ட உருளையில போட்டு சுத்திச் சுத்தி வறுக்க பேட்டன்ட் வாங்கியிருக்காரு, நம்ம காபி வறுக்கிற டிரம் மாதிரியேதான். அந்த மால்ட் கொஞ்சூண்டு போட்டாலே பீர் கருப்பாயிடும். இங்க கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்கு காபி கொண்டு வந்ததும் கிட்டத்தட்ட அந்தக் காலந்தாங்க, 1820-கள்ல.

சரி, ருசிக்கு வர்றேன். போர்ட்டர்னு ஒரு கருப்பு பீர், லண்டன்ல மூட்டை தூக்குறவங்க குடிச்சதால வந்த பேரு, அதுல சாக்லேட்டும் வறுத்த வேர்க்கடலையும் தெரியும், கசப்பு மெதுவா வரும். அதையே கெட்டியா, ஸ்ட்ராங்கா பண்ணினதத்தான் மொதல்ல ஸ்டௌட் போர்ட்டர்னாங்க. இன்னைக்கு ஸ்டௌட்னா வறுத்த பார்லி, சர்க்கரை போடாத கட்டங்காபி மாதிரி நாக்கு வறண்டு போகும், ஆனா ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்கன்னு காய்ச்சுறவங்களே இன்னும் அடிச்சுக்கிறாங்க. மில்க் ஸ்டௌட்ல பால் சர்க்கரை சேர்ப்பாங்க, அத பீர புளிக்க வைக்கிற ஈஸ்ட் தின்னாது, அதனால இனிப்பு அப்படியே தங்கிடும். ஓட்ஸ் போட்டது கஞ்சி மாதிரி வழவழன்னு எறங்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டறாங்க, நேரமாச்சாம், ஜெர்மனிக்காரங்க கருப்பு பீர் மூணையும் ஓட்டமா சொல்லிடறேன். டுன்கெல், பன்னோட செவந்த மேல்தோலு வாசம். ஷ்வார்ட்ஸ்பியர், பாக்கத்தான் கருப்பு, வாயில லேசு, பாருங்க மறுபடியும் நெறத்த நம்பாதீங்கன்னு வந்து நிக்குது. டொப்பல்பாக், விரதத்துல சாமியாருங்க குடிச்சதுன்னு சொல்வாங்க, எனக்கு அதுல நம்ம கருப்பட்டிதான் தெரியும்.

இன்னொண்ணு, ஐஸ் மாதிரி ஜில்லுனு இருந்தா இந்த ருசி எதுவுமே தெரியாது, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து ஒரு பத்து நிமிஷம்... சரிங்க சரிங்க, முடிச்சுட்டேன், வணக்கம்.