தம்பதிக்குக் 'கள்' எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண மண்டப வாசலில் தட்டி வைத்திருப்பார்களே, 'புதுமண தம்பதிகளே வாழ்க' என்று? நடுவில் வரவேண்டிய 'த்' அங்கே இல்லை. போகட்டும், இன்று என் வழக்கு 'கள்' மீதுதான்.

இளவயதில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். வைகாசி முகூர்த்தம் நெருங்கினால் வாழ்த்துமடல்கள் குவியும். ஒன்றில் 'தம்பதிகள்' என்றிருந்தது. 'கள்'ளைச் சுழித்துவிட்டேன். அச்சுக்கோக்கும் பெரியவர் ஈய எழுத்தும் கையுமாக வந்து நின்றார்.

"தம்பி, மாப்பிள்ளை ஒன்று, பெண் ஒன்று. இரண்டு பேருக்குக் 'கள்' வேண்டாமா?"

"ஐயா, தம்பதி என்றாலே இரண்டு பேர்தான். 'கள்' போட்டால் நான்கு பேராகிவிடும்."

"மணமேடையில் வந்து எண்ணிப் பார்" என்றார். ஆனாலும் எழுத்தை எடுத்துவிட்டார். மாலையில் பார்த்தால், அச்சான மடலில் மறுபடியும் 'தம்பதிகள்'! மடல் கொடுத்தவரே வந்து, "இரண்டு எழுத்து விட்டுப்போயிற்று" என்று சேர்க்கச் சொன்னாராம். பெரியவர் அன்று முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தம்பதி வடசொல். 'தம்' என்றால் வீடு, 'பதி' தலைவர். ரிக் வேதத்திலேயே வருகிறது. வடமொழியில் ஒருமை, பன்மை தவிர இருவருக்கென்றே இருமை என்று ஒன்று உண்டு. அந்த இருமையில் நிற்கும்போது, கணவனும் மனைவியும் சேர்ந்து வீட்டுக்கு உரியவர்கள் என்று பொருள். சேர்ந்து என்பதைக் கவனியுங்கள். தனியாக ஒருவரைக் காட்டி 'இவர் ஒரு தம்பதி' என்று நாம் சொல்வதில்லையே.

தமிழில் இருமை கிடையாது. ஒன்றுக்கு மேல் போனால் பன்மைதான். அதனால் அந்தப் பெரியவர் தமிழின் கணக்கைத்தான் சொன்னார் என்று இப்போது படுகிறது. நான் 'தம்பதியர்' என்று எழுதிச் சமாதானமாகிவிட்டேன். மேடையில் யாராவது 'தம்பதிகள்' என்றால் மட்டும் காது இன்னும் கூசுகிறது.

'மணமக்கள்' என்ற சொல்லில் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. மாலை வாடியதும் அதுவும் போய்விடும். பிறகுதான் புதுமணத் தம்பதி. அந்தப் 'புது' எத்தனை நாளுக்கு? நாள்காட்டியைக் கேட்க வேண்டும். ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது, தலைதீபாவளி, தலைப்பொங்கல்... தலைச்சன் பிள்ளையில் இருக்கிற அதே 'தலை'தான், முதல் என்று பொருள். 'ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப்பிடித்து அடி' என்று ஒரு பழமொழி உண்டு. அடி வாங்குவது ஏன் மாமியார், மாமனார் எங்கே போனார் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வணக்கம்.