தேர்ட் டிகிரி என்றால் அடி உதை இல்லை மக்களே! டெக்சாஸில் என் முதல் ஜூரி டியூட்டி

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் கிடையாது, தோட்டமும் கிடையாது. முருங்கைச் செடி என்னாயிற்று என்று கேட்பவர்களுக்கு, பனியில் அது போய்ச் சேர்ந்துவிட்டது, அந்தப் பேச்சு வேண்டாம். நேற்று நான் கோர்ட்டுக்குப் போனேன். பதறாதீர்கள், ஜூரி டியூட்டிக்குத்தான், அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு ஆள் எடுக்கக் கூப்பிடுவது. சிட்டிசன்ஷிப் வீடியோவில் "அடுத்து உனக்கு ஜூரி சம்மன்தான்" என்று கமெண்ட் போட்ட புண்ணியவான் யாரோ, உங்கள் வாக்கு பலித்துவிட்டது.

முதலில் பார்க்கிங். 18 டாலர்! டெக்சாஸில் ஜூரிக்கு வருபவர்களுக்கு முதல் நாள் கொடுப்பது 20 டாலர். ஆக நாள் முழுக்க மரப்பெஞ்சில் உட்கார்ந்து நான் சம்பாதித்தது 2 டாலர், ஒரு காபிக்குக் காணாது. அதுவும் அந்த மெஷின் கார்டை எடுக்கவில்லை, ஆப் இறக்கச் சொன்னது, ஆப் வண்டி நம்பரைக் கேட்டது, எனக்கு என் வண்டி நம்பர் எந்தக் காலத்தில் ஞாபகம் இருந்தது? திரும்ப நடந்தேன். கடைசியில் பார்த்தால் இரண்டு தெரு தள்ளி 7 டாலருக்கு இடம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சொல்லித்தான் தெரியும், "2023 செப்டம்பருக்கு முன்னால் வந்திருந்தால் 6 டாலர்தான் கொடுத்திருப்பார்கள்" என்று. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வந்த கேஸ் ஃபர்ஸ்ட் டிகிரி என்றதும் நம் வாட்ஸப் குரூப்பில் ஒரு மாமா, "ஃபர்ஸ்ட் டிகிரிதானே, சின்ன கேஸ், தேர்ட் டிகிரி என்றால்தான் பயப்பட வேண்டும்" என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நம் ஊரில் தேர்ட் டிகிரி என்றாலே ஸ்டேஷனில் லாடம் கட்டுவதுதானே. இங்கே அப்படியே தலைகீழ். டெக்சாஸில் ஃபெலனி, அதாவது பெரிய குற்றம், அதில் மரண தண்டனை வரை போகும் கேப்பிட்டல் ஃபெலனி உச்சி. அதற்குக் கீழே ஃபர்ஸ்ட் டிகிரி, 5 முதல் 99 வருடம் அல்லது ஆயுள். செகண்ட் 2 முதல் 20, தேர்ட் 2 முதல் 10. கடைசியில் ஸ்டேட் ஜெயில் ஃபெலனி, 180 நாள் முதல் 2 வருடம். திருட்டு என்றால் பொருளின் மதிப்பை வைத்தே படி ஏறும், 2,500 டாலரைத் தொட்டால் ஸ்டேட் ஜெயில் ஃபெலனி, 30,000 என்றால் தேர்ட் டிகிரி.

எங்களைக் கூப்பிட்டது ஆயுதத்தைக் காட்டிக் கொள்ளையடித்ததாக ஒரு வழக்கு. ஃபர்ஸ்ட் டிகிரி. 12 பேரைத் தேர்ந்தெடுக்க எங்களில் ஒரு பெரிய கூட்டத்தையே உட்கார வைத்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் எழுந்து, "குற்றம் நிரூபணமானாலும் புரொபேஷன் கொடுப்பதைப் பற்றி உங்களால் திறந்த மனதோடு யோசிக்க முடியுமா?" என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார். எனக்குப் புரொபேஷன் என்றால் வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதம்தான்! இங்கே அது, தண்டனையை எழுதி நிறுத்தி வைத்து, வெளியே விட்டுக் கண்காணிப்பது. பரோல் வேறு, அது சிறைக்குள் போய் வந்தவருக்கு.

அதிலும் ஒரு வேடிக்கை. இந்தக் குற்றத்துக்குத் தீர்ப்புச் சொன்ன பிறகு நீதிபதியே நினைத்தாலும் புரொபேஷன் கொடுக்க முடியாது, ஜூரியால் முடியும். ஆனால் தண்டனை 10 வருடத்துக்கு மேல் போகக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவர் இதற்கு முன் எந்த ஃபெலனியிலும் தண்டிக்கப்பட்டிருக்கக் கூடாது. கொலை என்றால் ஜூரியாலும் முடியாது.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். குற்றம் சாட்டப்பட்ட அந்த ஆளை ஜெயிலிலிருந்துதான் கோர்ட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். உடனே என் மனதில், 'உள்ளே இருக்கிறானே, செய்யாமலா இருப்பான்' என்று ஓடியது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயில் என்பது ஷெரிஃபின், அதாவது கவுண்டிப் போலீஸ் தலைவரின், கையில் இருப்பது, அங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் இன்னும் தீர்ப்பே வராதவர்கள். பெயிலுக்குப் பணம் இல்லாததால் உட்கார்ந்திருப்பார்கள். (அந்த 18 டாலர் பார்க்கிங்குக்கு எதிரே வரிசையாகப் பெயில் பாண்ட் கடைகள்தான், அதாவது பெயில் தொகைக்குப் பொறுப்பேற்கும் கடைகள். வழக்கமாக அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வார்கள், அது திரும்பி வராது.) ஃபெலனியில் கைதாகி 90 நாளில் அரசுத் தரப்பு விசாரணைக்குத் தயாராகவில்லை என்றால் சொந்தப் பிணையில், அதாவது முன்பணம் கட்டாமல், விட வேண்டும், இல்லையென்றால் பெயில் தொகையைக் குறைக்க வேண்டும். உள்ளே இருந்த நாட்கள் பிறகு தண்டனையில் கழியும். தண்டனை பெற்றவர் போகும் ப்ரிசன் மாநில அரசினுடையது. நம் வாயில் இரண்டும் ஜெயில்தான்.

என் முறை வந்தது. கத்தி காட்டியவனுக்குப் புரொபேஷனா? "என்னால் முடியாது சார்" என்று சொல்லிவிட்டேன். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். டிபன் பாக்ஸில் இருந்த தயிர் சாதத்தை வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஊறுகாயை மறந்துவிட்டேன். இரவு சட்டத்தைப் படித்தபோதுதான், கத்தியை உருவாமல் கூட நின்று உதவியவர் மேலும் இதே குற்றச்சாட்டு வரலாம் என்று தெரிந்தது. அவர் எப்படி நின்றார் என்று நான் கேட்கக்கூட இல்லையே!

20 டாலர் இன்னும் வரவில்லை. வந்ததும் கம்யூனிட்டி போஸ்ட்டில் போடுகிறேன். வியாழக்கிழமை வத்தக்குழம்பு.